ஆரக்கால் சக்கரமும் கசியும் காற்றும்

மாலையில் நிறைத்த காற்று காலையில் பாதியாகியிருக்கும். முள்ளோ ஆணியோ கண்ணில் படாது. கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலை ஏறும் பழைய புல்லட்காரர்களுக்கு இத்தொல்லை புதிதன்று. பஞ்சர் கடைகளில் இதை ‘ஸ்லோ பஞ்சர்’ என்பார்கள்.

காரணம் சக்கரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆரக்கம்பி ஒவ்வொன்றும் ரிம்மைத் துளைத்து, உட்புறம் நிப்பிளால் இறுக்கப்படுகிறது. இத்தனை துளையுள்ள வளையத்தில் காற்று தங்காது. ஆகவே டியூப் தேவைப்படுகிறது. நிப்பிள்களை மூடியிருக்கும் ரிம் பட்டை நைந்தால், துருவேறிய முனை டியூபை மெல்ல அரிக்கத் தொடங்கும்.

காற்றடைத்த டயருக்கு 1845இலேயே ராபர்ட் தாம்சன் காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டு, 1888இல் பெல்பாஸ்ட்டில் டன்லப்பின் கையில் மறுபிறவி எடுத்தது. ஆனால் அன்றைய டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. ஒரு துளையை அடைக்கப் பல மணி நேரம் பிடிக்கும். 1891இல் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தனர். சாலையோரப் பஞ்சர் கடைக்கு வழி திறந்தவை இத்தகைய டயர்களே எனலாம்.

இக்கதையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. பெரியாற்றின் நீர் 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்டது. அதே ஆற்றின் கீழ்ப்போக்கில், தட்டேக்காட்டில், 1902இல் வணிக ரப்பர்த் தோட்டம் எழுந்தது. 1955இல் உருவான என்பீல்டு இந்தியாவின் புல்லட் ஆலை சென்னைத் திருவொற்றியூரில் அமைந்தது. 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனமும் 1961இல் டயர் செய்தது அதே திருவொற்றியூரில்தான்.

இனி வைத்தியம். முதலில் வால்வின் வாயில் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் உள்ளிருக்கும் ஊசியை மாற்றினால் போதும். இல்லையேல் டியூபைக் கழற்றிக் காற்றடைத்து, தொட்டி நீரில் அங்குலம் அங்குலமாக அமிழ்த்த வேண்டும். துளை தெரிந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் பூசி, அது சற்று உலர்ந்தபின் ஒட்டுப் போட வேண்டும். ஆனால் இது பாதி வேலைதான். துளை டியூபின் வெளிவட்டத்தில் இருந்தால் டயரில் முள்ளைத் தேட வேண்டும். உள்வட்டத்தில் இருந்தால் நிப்பிளைத் தேட வேண்டும். வால்வை அடையாளமாக வைத்து டியூபைச் சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். அவனை விட்டுவிட்டு ஒட்டியவரின் வண்டி மறுவாரமே திரும்பி வரும்.

டியூப் இல்லா டயரில் பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றாமலே ரப்பர்த் திரியைச் செருகி அனுப்பிவிடலாம். வசதிதான். ஆனால் கழற்றாத சக்கரம் யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. துளையைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் அந்தக் கைப்பழக்கம், டியூபோடு சேர்ந்து நம் சாலையோரங்களிலிருந்து மெல்லக் கசிந்துகொண்டிருக்கிறது.