பதிவேட்டில் பெயரும் பள்ளியில் பிள்ளையும்

காலை மணி அடித்ததும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். "உள்ளேன், ஐயா" என்று குரல் எழும். தமிழ்நாட்டில் பயின்று, இன்று மும்பையிலோ தில்லியிலோ ஜம்ஷெட்பூரிலோ குடியிருக்கும் நேயர்களுக்கு அந்தக் குரல் மறந்திராது. சில பெயர்களுக்குப் பதில் வராது. ஆசிரியர் சற்று நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பதில் வராத அந்தப் பெயர்களைப் பற்றியதே இந்தப் பேச்சு. நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் பள்ளியிற் சேர்ந்தோர் தொகை ஒன்று. பள்ளியில் நிலைத்தோர் தொகை வேறு. முன்னதன்மீது சென்ற கவனம் பின்னதன்மீது நெடுங்காலம் செல்லவில்லை.

கட்டாயக் கல்வியை இந்திய மண்ணில் துணிந்து நடத்திப் பார்த்தவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். 1893ஆம் ஆண்டில் கத்தியவாரைச் சேர்ந்த அமரேலி வட்டத்தில் சோதனையாகத் தொடங்கினார். 1906இல் சமஸ்தானம் முழுவதற்கும் சட்டமாக்கினார். ஆண் பிள்ளைகளுக்கு 7 முதல் 12 வயது வரை, பெண் பிள்ளைகளுக்கு 7 முதல் 10 வயது வரை என்பது விதி. பெண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது அக்காலத்தில் சிறு துணிவன்று. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் உண்டு. ஆனால் மாடு மேய்க்கும் பிள்ளையின் தகப்பனுக்குத் தண்டமும் சுமை, பிள்ளை கொண்டுவரும் தானியம் நின்றுபோவதும் சுமை. இரண்டில் எது சிறிது என்று அவன் கணக்குப் பார்த்திருந்தால் அவனைக் குறை கூறுவதற்கில்லை.

பரோடாவில் இயன்றது பிரிட்டிஷ் இந்தியாவில் ஏன் இயலாது என்னும் கேள்வியைச் சட்டசபைக்குக் கொண்டுசென்றவர் கோபால கிருஷ்ண கோகலே. 1910 மார்ச்சில் தீர்மானமாகவும், 1911 மார்ச் 16இல் மசோதாவாகவும் அதனைக் கொணர்ந்தார். அந்த மசோதாவை இன்று படிப்பவர், இதற்கா இத்தனை அச்சம் என்று வியப்பர். முதற்கண் 6 முதல் 10 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். அதுவும், குறிப்பிட்ட ஒரு விகிதத்தினர் முன்னரே பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கும் ஊர்களில் மட்டும். மூன்றில் ஒரு பங்கினர் என்பது கோகலேயின் யோசனை. அத்தகைய ஊரிலும் நகராட்சியோ ஜில்லா போர்டோ விரும்பி, அரசாங்கமும் இசைந்தால்தான் கட்டாயம். மாத வருமானம் பத்து ரூபாய்க்கு மேற்படாத பெற்றோரிடம் சம்பளம் வாங்கலாகாது. பாதி திறந்திருக்கும் கதவை இன்னும் சற்றுத் தள்ளிவிடும் முயற்சியே அது. மக்கள் இதைக் கேட்கவில்லை என்றனர் சிலர்; காலம் கனியவில்லை என்றனர் சிலர்; வயலுக்கு ஆள் கிடைக்காது என்ற கவலையும் நிலக்கிழார்களிடையே இருந்தது. 1912 மார்ச் 19இல் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. மூன்றாண்டு கழித்துக் கோகலே மறைந்தார்.

மசோதா வீழ்ந்தாலும் கருத்து வீழவில்லை. வித்தல்பாய் பட்டேலின் முயற்சியால் 1918இல் பம்பாய் மாகாணத்திலும், 1920இல் சென்னை மாகாணத்திலும் தொடக்கக் கல்விச் சட்டங்கள் பிறந்தன. பள்ளிகள் பெருகின, பதிவேடுகள் தடித்தன. அப்போதுதான், 1929இல், ஹார்டாக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1922–23இல் முதல் வகுப்பில் நூறு பிள்ளைகள் இருந்தனர் என்றால், 1925–26இல் நான்காம் வகுப்பில் இருந்தோர் ஏறத்தாழப் பதினெண்மரே! எஞ்சிய எண்பத்திருவரிற் சிலர் கீழ்வகுப்பிலேயே தேங்கினர். மற்றவர் வீட்டுக்குத் திரும்பினர். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பழக்கம் ஊன்றுமுன் படிப்பை விட்டவருக்குச் சேர்க்கையால் விளைந்த பயன் யாது? இந்தக் கேள்வியை எழுப்பியது குழுவின் பெருமை. விரிவுபடுத்துவதை நிறுத்தி, உள்ளதைச் செப்பனிட வேண்டும் என்று அதற்கு அது கண்ட முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. பிள்ளை பள்ளியை விட்டதற்குக் காரணம் பள்ளிகள் மிகுந்தது அன்று. வீட்டில் அடுப்பு எரியாதது.

1944இல் சார்ஜெண்ட் திட்டம் அனைவர்க்கும் கல்வி அளிக்க நாற்பது ஆண்டுகள் கேட்டது. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு, 45ஆம் பிரிவில், 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தே ஆண்டுகளில் நல்க முயலவேண்டும் என்று பணித்தது. 1960 கடந்தது, சார்ஜெண்ட் குறித்த 1984உம் கடந்தது. 2002இல் கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று. அதற்குரிய சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டு அறுபதாண்டாயிற்று.

இடையில் அடுப்பின் உண்மையை உணர்ந்தவர் காமராஜர். 1956இல் சென்னை மாநிலத்தில் மதிய உணவைப் பரவச் செய்தார். 1995இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் அத்தகைய திட்டத்தைத் தொடங்கியபோது, பல மாநிலங்களில் சோற்றுக்குப் பதிலாக மாதம் மூன்று கிலோ தானியமே தரப்பட்டது. அதற்கு எண்பது விழுக்காடு வருகை வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. தானியம் பதிவேட்டிலுள்ள பெயருக்குப் போகும். சமைத்த சோறோ வந்து உட்கார்ந்த பிள்ளைக்கே கிடைக்கும். சமைத்த உணவே வழங்குக என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இந்த எண்ணிக்கைக் கணக்கு இன்னும் நெருக்கமானது. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு நியதி வகுத்தனர். வேற்றுமொழி பேசும் பிள்ளைகள் ஒரு வகுப்பில் பத்துப் பேரோ, பள்ளி முழுவதிலும் நாற்பது பேரோ இருப்பின், அவர்களுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர ஓர் ஆசிரியரையேனும் அமர்த்த வேண்டும் என்பது அது. 1956இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவும் இதே நோக்கத்தது. ஆனால் பத்துக் குடும்பங்களில் ஒன்றுக்கு மாற்றல் வந்தால் பத்து ஒன்பதாகிறது. தமிழ் வகுப்பு நிலைப்பதும் கலைவதும் அந்த ஒரு பெயரைப் பொறுத்ததாகிவிடுகிறது.

மாற்றலாகிச் செல்லும் அந்தப் பிள்ளைக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் ஒரு காப்பு உண்டு. வேறு மாநிலத்திற்குப் போகும் பிள்ளைக்குப் பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுத்துவிட வேண்டும். அது வரத் தாமதமாயிற்று என்ற காரணத்தால், புதிய ஊரின் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது.