மாணவர் பத்திரிகையும் மது விளம்பரமும்

பத்திரிகை நடத்துவோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. காகிதக் கடைக்காரரும் அச்சுக்கூடத்தாரும் கொள்கைக்காகக் கடன் கொடுப்பதில்லை. சந்தாப் பணம் போதாதவிடத்து விளம்பரமே பத்திரிகையைத் தாங்கி நிற்கிறது. அவ்விளம்பரத்தில் சர்க்கார் கை வைத்தால் நேர்வது யாது? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் நடந்த வழக்கொன்று இதற்கு விடை கூறும்.

அம்மாகாணத்தைச் சேர்ந்த பிட்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் 1910-ம் ஆண்டில் மாணவர்கள் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினர். பின்னர் அது “பிட் நியூஸ்” என்னும் பெயருடன் நாளிதழாக வளர்ந்தது. படிப்போரிடம் அது காசு வாங்குவதில்லை. விளம்பரக் கட்டணமே அதன் ஜீவனமாயிருந்தது. நகரத்து உணவுச்சாலைகள் தாம் விற்கும் மதுவையும் அதில் விளம்பரம் செய்து வந்தன.

1996-ம் ஆண்டில் மாகாண சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. கல்வி நிலையங்களைச் சார்ந்த பத்திரிகைகளில் பணம் கொடுத்து மது விளம்பரம் செய்தலாகாது என்பது அதன் சாரம். மீறினால் தண்டனை பத்திரிகைக்கன்று. விளம்பரம் கொடுத்த வணிகருக்கே. வணிகர் அஞ்சி விலகினர். 1998-ல் மாத்திரம் பத்திரிகைக்கு ஏறக்குறைய 17,000 டாலர் நஷ்டமாயிற்று. பக்கங்களைக் குறைக்க வேண்டியதாயிற்று.

சம்பள நாளன்றே கூலிப்பணம் குடியில் கரைந்து போவதைக் கணக்குப் புத்தகத்தின் முன்னிருந்து பார்த்தவன் நான். ஆகவே, இச்சட்டத்தைப் பற்றி முதலில் படித்தபோது என் மனம் அதனையே வாழ்த்திற்று. வழக்கின் விவரங்களை ஆராய்ந்த பின்னரே அவ்வெண்ணம் மாறியது.

1999-ல் பத்திரிகை வழக்குத் தொடுத்தது. சட்டம் கட்டுப்படுத்துவது வணிகரையேயன்றிப் பத்திரிகையை அன்று என்று கூறி, மேல் நீதிமன்றம் 2000-ல் தடையுத்தரவு தர மறுத்தது. மாணவர் தளரவில்லை. 2004 ஜூலையில் அதே நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னாளில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு உயர்ந்த சாமுவேல் அலிட்டோ அத்தீர்ப்பை எழுதினார்.

காரணங்கள் இரண்டு. மாணவர் அதே விளம்பரங்களைத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பிற பத்திரிகைகளிலும் அன்றாடம் காண்கின்றனர். அவர்தம் பத்திரிகையில் மட்டும் நீக்கினால் குடி குறையும் என்பதற்குச் சான்றில்லை. மேலும், அப்பல்கலைக் கழகத்தாருள் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் 21 வயது நிரம்பி, சட்டப்படி குடிக்கத் தகுதி பெற்றவர்கள். இஃது ஒன்று. பத்திரிகைகளுள் ஒரு வகையை மாத்திரம் பொறுக்கியெடுத்து அதன்மேல் சுமை ஏற்றுதல் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு விரோதம் என்பது மற்றொன்று. வயது வராதோர் குடிப்பதைத் தடுக்க வேண்டுமாயின், அதற்கென்றே உள்ள சட்டத்தை நேராக அமல் நடத்தலாமே என்றும் நீதிமன்றம் கேட்டது. 2013-ல் வர்ஜீனியா மாகாணத்தின் இரு மாணவர் பத்திரிகைகளும் இதுபோன்ற வழக்கில் வென்றன.

குடி கொடிது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. மது விளம்பரம் வேண்டாமென்று ஒரு பத்திரிகை தன் மனச்சாட்சிப்படி மறுக்குமாயின் அது போற்றத்தக்கதே. ஆனால், பெரிய பத்திரிகைகளைத் தொடாமல் மாணவரின் பத்திரிகையை மட்டும் பட்டினி போடும் சட்டம் மதுவிலக்கு ஆகாது. நோக்கம் நல்லதாயினும் நீதி எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும்.