மலையிறக்கமும் மொரிஸ் மைனரும்



மலைநாட்டு வீதிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஏற்றத்தைப் பற்றியே பேசுவர். காடு வெட்டியதும், பாறை பிளந்ததும், கோப்பி உயர்ந்ததும், கோப்பி அழிந்தபின் தேயிலை உயர்ந்ததும் நம் பிள்ளைகளுக்குப் பாடமாக உள்ளன. இறக்கத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டையிலே கார்கள் மலையேறும் பந்தயம் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. விரைந்து ஏறியவருக்குக் கிண்ணம் கிடைக்கும்; பத்திரமாக இறங்கியவருக்கு எவரும் கிண்ணம் கொடுப்பதில்லை. ஆயினும் ஏற்றத்திலே எஞ்சின் தோற்றால் வண்டி நிற்கும். இறக்கத்திலே பிறேக் தோற்றால் வண்டி நில்லாது. பழைய மோட்டார் வண்டிக்கு அதனினும் இளைய வண்டியொன்றின் பிறேக்கைக் கழற்றிப் பொருத்தும் வழக்கம் நம்மிடையே எவ்வாறு தோன்றியது, அதில் எது நன்று, எது தீது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மோட்டார் வருமுன்னரே இத்தொல்லை இருந்தது. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிலே குடியேற வந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரின் குதிரை வண்டி மலைவழியிலே பள்ளத்தில் உருண்டு போனதை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். (அந்த விபத்துக்குக் காரணம் வண்டியன்று, குதிரைக்காரன் அருந்திய மதுவே.) கோப்பி மூட்டைகளை இறக்கிய மாட்டுவண்டிக்காரர் சில்லைச் சங்கிலியாற் பிணைத்தும் கட்டையை அழுத்தியும் இறங்கினர். 1867இல் கண்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது. நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி உயரும் அந்தப் பாதையிலே, எஞ்சினின் பிறேக்கை மட்டும் நம்பி எந்தத் தொடரையும் இறக்க இயலாது. பெட்டிகளின் சில்லுகளும் சேர்ந்து பிடிக்க வேண்டும். பிறேக் என்பது தனியோர் உறுப்பன்று, முழு வண்டிக்கும் உரிய ஏற்பாடு என்பதைப் புகையிரதப் பகுதியினர் அன்றே அறிந்திருந்தனர். மோட்டார்க்காரர்களுக்கு அவ்வறிவு பிந்தியே வந்தது.

1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியிலே மொரிஸ் மைனர் என்னும் சிறு கார் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் 1959இல் மினி காரைப் படைத்தவரும் அவரே. 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின். நான்கு சில்லுகளிலும் 7 அங்குல டிரம் பிறேக். எளிமை, உறுதி, சிக்கனம் என்னும் மூன்று குணங்களால் அது இலங்கையில் நடுத்தரக் குடும்பங்களின் காராயிற்று. வைத்தியரும், வழக்கறிஞரும், பாடசாலை அதிபரும், தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகளிற் சற்று வசதி கண்டோரும் அதனை வாங்கினர்.

ஆனால் அக்காரின் பிறந்தகம் எத்தகையது? பிரித்தானியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய பென் நெவிஸின் உயரம் 1345 மீற்றர். நமது நுவரெலியா நகரமோ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அந்நாட்டிலே ஆடு மேய்ப்பவனும் மலையேறுபவனும் கால்நடையாகச் சென்றடையும் உயரத்துக்கு மேலே, நாம் கடைத்தெருவும் தபாற்கந்தோரும் வைத்திருக்கிறோம். அங்குள்ள சாலைக்கென அளவிட்ட பிறேக் இங்குள்ள இறக்கத்துக்குப் போதுமா என்ற கேள்வி எழுவது இயல்பே.

சிறு கணக்கொன்று பார்ப்போம். நான்கு பேர் ஏறிய மொரிஸ் மைனரின் நிறை ஏறத்தாழ 1000 கிலோகிராம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது அது ஏறத்தாழ 1400 மீற்றர் தாழ இறங்குகின்றது. அவ்வீழ்ச்சியின் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், குளிர்ந்த நீர் 40 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். எஞ்சினும் எதிர்க்காற்றும் அதிற் பங்கு கொள்ளும் என்பது மெய்யே. அவை கொள்ளாத அத்தனையும் நான்கு சிறு இரும்பு டிரம்களின் தலையில் விழும். அனுபவமுள்ள சாரதி இரண்டாம் கியரில் இறங்குவதன் உட்பொருள் இதுதான். கம்பளைக்குப் போகும்வரை பெற்றோல் மிச்சம் பிடிக்கலாமென நியூட்ரலில் உருட்டுகிறவர், எஞ்சின் ஏற்க வேண்டிய பங்கையும் பிறேக்கின் மேலே சுமத்துகிறார்.

டிரம்மின் உள்ளே பிறை வடிவான இரண்டு துண்டுகள் உள்ளன. பிறேக் சூ என்பர். பெடலை மிதித்தால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரை உராயும். சூடேறிய டிரம் விரியும். விரிந்தால் சூவை விட்டு விலகிச் செல்லும். பெடல் மேலும் ஆழம் போகும். லைனரின் பிடியும் வெப்பத்தால் தளரும். இவ்விரண்டும் ஒருங்கே நேரும்போது, மேற்பாதியில் நன்றாகப் பிடித்த பிறேக் கீழ்ப்பாதியிற் கைவிடுகின்றது. வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும். அதனாலேயே பலர் குறை எதுவுமில்லை என்று எண்ணிவிடுகின்றனர்.

இங்கிலாந்திலும் இக்குறையை உணர்ந்தனர். 1962இல் மைனருக்கு 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் வைத்தபோது முன்சில்லுகளின் டிரம்மை 8 அங்குலமாக்கினர். ஓர் அங்குலம் என்ன பெரிதென்று கேட்கலாம். அதே அழுத்தத்துக்கு ஏழில் ஒரு பங்கு கூடுதலான பிடி. வெப்பத்தை வெளியேற்றக் கூடுதலான இரும்பு. முந்திய மைனர் வைத்திருந்தவருக்கு வழி அதனாலே திறந்தது. விபத்தில் நொறுங்கியோ துருப்பிடித்தோ கிடந்த 1098 வண்டியொன்றின் பின்தகடு, சூ, சிலிண்டர், டிரம் ஆகியவற்றை ஒரு தொகுதியாகக் கழற்றித் தம் வண்டியிற் பூட்டினால், மூத்த கார் இளைய காரின் பிறேக்கைப் பெற்றுவிடும். தோட்டத்துத் துரைமாரின் லாண்ட் ரோவருக்கும் இதுவே முறை: 88 அங்குல நீளச் சட்டம் கொண்ட குட்டை வண்டிக்கு 10 அங்குல டிரம், 109 அங்குல நெடிய வண்டிக்கு 11 அங்குலம். நெடியதனுடையதைக் குட்டைக்கு மாற்றுவது அவ்வண்டியை அறிந்தோர் யாவரும் கேள்விப்பட்டதே.

புதிய கார் வாங்கிவிட்டால் ஆகாதா என்பீர்கள். 1960களிலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் கடுமையாயிற்று. இருந்த காரைக் காப்பாற்றுவதே செல்வம் என்றானது. 1977இன் பின் ஜப்பானியக் கார்கள் பெருகின. ஆயினும் மைனர் மறையவில்லை. 1990களில் இத்தீவிலே அதன் உதிரிப்பாகங்கள் செய்யப்பெற்று, அது பிறந்த நாட்டுக்கே அனுப்பப்பட்டன. மாமியார் வீட்டிலிருந்து தாய்வீட்டுக்குச் சீர் போனது போன்ற செய்தி அது. 2020 மார்ச்சில் மீண்டும் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழிவிடப்பட்டது. அவ்வைந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் மதிப்பு எவ்வாறு உயர்ந்ததென்பதை நேயர்கள் அறிவீர்கள்.

இனி டிஸ்க் பிறேக்குக்கு வருவோம். சில்லோடு சுழலும் வட்டத் தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இம்முறைக்கு, ஆங்கிலேயப் பொறியியலாளர் லாஞ்செஸ்ரர் 1902இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அக்காலத்து உலோகங்களும் உராய்வுப் பொருள்களும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1953ஆம் ஆண்டு பிரான்சின் லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் வென்றபின் உலகம் திரும்பிப் பார்த்தது. தகடு திறந்தவெளியிற் சுழல்வதால் விரைவில் ஆறும். சூடேறித் தடித்தாலும் கவ்வியை நோக்கியே தடிக்கும், விலகிச் செல்லாது. மலையிறக்கத்துக்கு இதனினும் ஏற்றது வேறில்லை. மைனரின் உற்பத்தி முடிந்த 1971இலேயே மொரிஸ் மரினா என்னும் கார் வெளிவந்தது. அது தன் முன்சில்லுத் தாங்கியின் அமைப்பை மைனரிடமிருந்தே சுவீகரித்தது. ஆகவே மரினாவின் டிஸ்க்கை மைனருக்குப் பொருத்தலாமென்று பிரித்தானிய ஆர்வலர் கண்டுகொண்டனர். குலவழி ஒன்றாயிருப்பின் உறுப்பும் ஒட்டும். வேறு குலத்துக் காரிலிருந்து எடுத்ததை வெட்டியும் ஒட்டியும் பொருத்துவதை நான் ஒருபோதும் ஆதரியேன். சில்லைத் தாங்கும் இடம் பற்றவைப்புப் பழகுவதற்கான இடமன்று.

குலவழி ஒன்றாயினும், டிஸ்க்கைப் பூட்டியதும் வேலை முடிந்தது என்போரே மிகுதி. பாதி வேலை அப்போதுதான் தொடங்குகின்றது. டிரம்மிலே சுழற்சியே சூவை உள்ளிழுத்துப் பிடியைக் கூட்டும். டிஸ்க்கில் அவ்வுதவி இல்லை. ஆகையாற் காலின் பலம் போதாது. வெற்றிட விசையால் துணைசெய்யும் சேர்வோ வேண்டும். டிரம் பிறேக்குக்கென எண்ணெய்க் குழாயிற் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வு ஒன்றுண்டு. அதனை அகற்றாவிட்டால் டிஸ்க் விடாமல் உராய்ந்து தானே சூடேறும். முன்பிடி கூடியதற்கேற்பப் பின்பிடியும் ஒத்திருக்க வேண்டும். பின்சில்லு முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். கழற்றும்போது பழைய லைனரின் தூசை ஊதித் தள்ளலாகாது. அக்கால லைனர்களிற் கல்நார் கலந்திருந்தது, அது நுரையீரலைக் கெடுக்கும்.

சேர்வோவைப் பற்றி மலைநாட்டார் சிறப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் எஞ்சினின் வெற்றிடத்துக்கும் உள்ள வேறுபாட்டால் இயங்குவது. நுவரெலியாவிலே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கொழும்பிலே சோதித்துப் போதுமென்று கண்ட சேர்வோ, துணை அதிகம் வேண்டிய உச்சியிலே அதற்கேற்பக் குறைந்த துணையையே தரும். எஞ்சினை நிறுத்தி உருட்டினாலோ, ஓரிரு மிதிப்புகளில் அத்துணையும் தீர்ந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மாறாக, முதலில் வேகத்தைக் கூட்டுவோரும் உளர். ஜப்பானிய எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் பழைய மைனரிலே பூட்டி, 7 அங்குல டிரம்மை அப்படியே விட்டுவிடுவர். வேகம் இரட்டித்தால் அதனைத் தடுக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். காசு இருக்கும்போது முதலிற் பிறேக், பின்னரே எஞ்சின் என்ற வரிசையை மாற்றுவதற்கு எக்காரணமும் எனக்குத் தெரியவில்லை. நம் வீதிகளில் ஒரு வண்டி நில்லாமற் போனால் அதிலிருப்போர் மட்டும் சாவதில்லை. 2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியிலே பேருந்தொன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியபோது ஏழு பேர் மாண்டனர். அவர்கள் வந்தது அந்தச் சிறு வண்டிகளிலேதான்.

டிஸ்க்குக்கு வசதியில்லாத மைனர்க்காரரும் உளர். அவர்களுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழையும் மூடுபனியும் நீங்காத ஹட்டன், தலவாக்கலைப் பகுதியிலே இது சிறு காரியமன்று. ஈரமேறிய எண்ணெய் விரைவிற் கொதிக்கும்; கொதித்தால் குழாயில் ஆவி நிறையும்; பெடல் வெறுமனே தரைவரை போகும். பழைய மைனரிலே நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய் வழி. அது கைவிட்டால் மிஞ்சுவது கம்பியால் இயங்கும் கைப்பிறேக் மட்டுமே. அந்த எண்ணெயைத் தாங்கும் மாஸ்டர் சிலிண்டர், பிற கார்களிற் போல மூடியைத் திறந்தவுடன் கண்ணிற் படும் இடத்தில் இல்லை. சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கின்றது. விரிப்பைத் தூக்கி, சிறு மூடியைக் கழற்றினாலன்றி எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அதனை முற்றாக வடித்துப் புதிதாக நிரப்புவதற்கு வேண்டியவை, ஒரு போத்தல் எண்ணெயும், பெடலை மிதிக்க ஒருவரும், சில்லருகே குந்தியிருக்க இன்னொருவரும், ஒரு பிற்பகற் பொழுதுமே.