பவ்வவ்வும் பறையும்: இரவல் வாங்கிய இரு சொற்கள்

நியூ ஜேர்சியில் நடக்கவிருக்கும் நமது ஒன்றுகூடலுக்குப் 'பவ்வவ்' எனப் பெயரிடலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். 'இலக்கியச் சந்திப்பு' என்ற பெயர் ஐரோப்பாவில் பழகிப் பழசாகிவிட்டது, நாம் வந்தேறியிருக்கும் மண்ணின் ஆதிக்குடிகளுக்கு ஒரு மரியாதையாகவும் அமையும் என்பது அவரது வாதம். அவரது நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. கலிபோர்னியாவின் கணினி நிறுவனங்களில் வேலை செய்யும் நம்மவர்களுக்கும் இச்சொல் புதிதல்ல. ஐந்து பேர் கோப்பிக் கோப்பையுடன் ஓர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால் அதற்குப் பெயர் பவ்வவ். நான் மறுத்தேன். ஏன் மறுத்தேன் என்பதைக் கடிதத்தில் சொல்லி முடியவில்லை.

வடகிழக்குக் கரையோரத்தின் அல்கொன்கியன் மொழிகளில், குறிப்பாக நரகன்செற், மசாசூசெற் மொழிகளில், இச்சொல் கூட்டத்தைக் குறிக்கவில்லை. ஓர் ஆளைக் குறித்தது. கனவு காண்பவர் என்பது அதன் வேர்ப்பொருள். நோய் தீர்ப்பவரும் ஆவிகளுடன் பேசுபவரும் அவரே. 1643இல் றோஜர் வில்லியம்ஸ் நரகன்செற் மொழி பற்றி எழுதிய நூலில் இவர்களைக் குருமார் என்றே விளக்குகிறார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1646இல், மசாசூசெற்ஸ் குடியேற்றம் ஒரு சட்டம் இயற்றியது. எந்த இந்தியரும் பவ்வவ் செய்யக் கூடாது. செய்தால் ஐந்து பவுண் தண்டம். ஆக, ஆங்கிலம் இச்சொல்லை இரவல் வாங்கிய அதே தலைமுறையிலேயே அதனைக் குற்றத்தின் பெயராகவும் ஆக்கிவிட்டது. பின்னர் சொல் மெல்ல வழுக்கியது. ஆளிலிருந்து சடங்குக்கு, சடங்கிலிருந்து இந்தியர் கூடும் எந்தக் கூட்டத்துக்கும், அங்கிருந்து அரசியல்வாதிகளின் கூடிப்பேசலுக்கு, கடைசியில் கோப்பிக்கு. சொல் இப்படி உல்லாசமாக உலாவிய காலத்தில் அம்மக்களின் நடனங்களும் வைத்தியரின் கிரியைகளும் 1883இன் மத்திய அரசு விதிகளால் தண்டனைக்குரியனவாக இருந்தன. உணவுப் பங்கீட்டை நிறுத்துவதும் சிறையும் தண்டனைகள். அவர்களது சமயச் சுதந்திரத்தை ஏற்கும் சட்டம் 1978இல்தான் வந்தது.

ஆனால் நண்பருக்குச் சாதகமான ஓர் இடம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 1950களில் அரசு ஒதுக்கிடங்களில் இருந்தவர்களை நகரங்களுக்கு இடம்பெயர்த்தது. ஓக்லண்டுக்கும் சான் ஹொசேக்கும் வந்து சேர்ந்தவர்கள் பல தேசத்தவர், பல மொழியினர். 1955இல் ஓக்லண்டில் தொடங்கப்பட்ட 'இன்டர்ரைபல் பிரென்ட்ஷிப் ஹவுஸ்' போன்ற இடங்களில் அவர்கள் ஒரே மேளத்தைச் சுற்றி அமர்ந்தபோது அதற்குச் சூட்டியிருந்த பெயரும் பவ்வவ்தான். ஒரு லக்கோட்டாவுக்கோ நவஹோவுக்கோ அது தாய்மொழிச் சொல் அல்ல. ஆங்கிலம் வழியாகக் கிடைத்த இரவல். அதை அவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். (அகதிகளான நமக்கு இது விளங்காத விடயமல்ல.) ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1971இல் ஆதிக்குடி மாணவர்கள் தொடங்கிய பவ்வவ் வருடாந்தம் நடந்து வந்திருக்கிறது. அடுத்த வருடமே, 1972இல், அப்பல்கலைக்கழக விளையாட்டணிகளின் 'இந்தியன்' சின்னம் அம்மாணவர்களின் மனுவால் கைவிடப்பட்டது.

அங்கு போனவர்களுக்குத் தெரியும். கொடிகளும் போர்வீரர்களும் நுழையும்போது அனைவரும் எழுந்து நிற்கவேண்டும். ஆடுபவர் அணிந்திருப்பதை 'வேடம்' என்று சொல்லக்கூடாது; கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. ஆனால் சில பாடல்களுக்கு அறிவிப்பாளர் எல்லோரையும் வட்டத்துக்குள் அழைப்பார். அப்போது நாமும் இறங்கலாம். அழைப்பு அவர்களுடையது. நமது மண்டபத்துக்கு அந்தப் பெயரை மாட்டுவதற்கு யார் நம்மை அழைத்தார்கள்?

ரெக்ஸாஸ் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் மாநிலத்தின் பெயர் கடோ மொழியில் 'நண்பர்' என்ற சொல். ஸ்பானியர் காதில் விழுந்து 'தேஹாஸ்' ஆனது. 1930இல் மாநிலம் 'நட்பு' என்பதையே தன் குறிக்கோள் வாசகமாக ஏற்றது. அங்கு எஞ்சியிருந்த கடோ மக்கள் 1859இலேயே இன்றைய ஒக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது மேசையில் வேறொரு தாள்கட்டும் இருந்தது. ஹன்னா ஆரண்ட் 1943இல் எழுதிய 'நாம் அகதிகள்' கட்டுரையின் மொழிபெயர்ப்பு, அடுத்த இதழுக்காக. தன் விலக்கப்பட்ட நிலையை அறிந்து, அதை மறைக்காமல் நிமிர்ந்து நிற்கும் அகதியை ஆரண்ட் 'பாரியா' என்கிறார். பேர்னார்ட் லஸாரிடமிருந்து பெற்ற கருத்தாக்கம். சொல் நம்முடையது. பறையிலிருந்து வந்த பறையர் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மொழிகளுள் புகுந்தது. 1823இல் மிஷேல் பேர் என்ற யூத நாடகாசிரியர் ஜெர்மனில் 'பாரியா' நாடகம் எழுதினார். அடுத்த ஆண்டு கோதேயின் கவிதைகள் அதே தலைப்பில் வெளிவந்தன. மக்ஸ் வேபர் யூதரைப் பாரியா மக்கள் என்றார்.

இந்த வழித்தடத்தில் எங்குமே பறையர் இல்லை. அவர்கள் தமது பெயரைப் பற்றித் தமக்குள் காரசாரமாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசர் அப்பெயரை மறுத்தார். 1907இல் அவர் தொடங்கியது 'ஒரு பைசாத் தமிழன்'. 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது.

நான் யாழ்ப்பாணத்து வெள்ளாளக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் அச்சொல் வசையாகவே புழங்கியது. மரணவீட்டில் பறையடித்தவர்கள் படலைக்கு வெளியே நின்றார்கள். தேத்தண்ணீர் சிரட்டையில் போனது. இன்று இங்குள்ள தமிழ் விழா மேடைகளில் பறை 'தமிழரின் ஆதி இசை'யாக முழங்கும்போது நாமும் கைதட்டுகிறோம். அடித்தவரின் பெயரை மட்டும் உச்சரிப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர் 'விலக்கப்பட்டோர்' என்று போட்டிருந்தார். அது சொல்லின் வரலாற்றை மூடிவிடுகிறது என்று அடித்து, 'பறையர்' எனத் திருத்தியவன் நான், பெருமையுடன்தான் திருத்தினேன். மெய்ப்புப் பார்த்த தலித் நண்பர் ரெக்ஸாஸிலிருந்து ஒரேயொரு வரி எழுதினார்: உங்கள் அகதி வாழ்வுக்கு எங்கள் பெயரை உவமையாக்குவதற்கு யாரிடம் கேட்டீர்கள்? பவ்வவ் பற்றி நான் எழுதியிருந்த கேள்வியை அவர் அப்போது வாசித்திருக்கவில்லை.

இப்போதைக்கு ஐரோப்பிய வடிவமான 'பாரியா' அச்சில் போகிறது. அடிக்குறிப்பை எழுத அவர் சம்மதித்திருக்கிறார்; எவ்வளவு நீளமானாலும் வெட்டுவதில்லை என்று வாக்களித்திருக்கிறோம். ஒன்றுகூடலின் பெயர் ஒன்றுகூடல்தான்.