12 அங்குல ஆழம்

காவல் உத்தியோகஸ்தர் ஒருவரின் இடுப்பிலுள்ள கைத்துப்பாக்கியில் எந்தத் தோட்டா இருக்க வேண்டும் என்பதை நெடுங்காலம் வியாபாரிகளின் விளம்பரமும், பழைய சிப்பாய்களின் அனுபவக் கதைகளும், வேகத்தை மட்டுமே பெரிதென மதித்த சில கணக்குகளுமே நிர்ணயித்து வந்தன. அந்த நிலைமையை மாற்றியது, 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி காலையில், அமெரிக்காவின் மியாமி நகருக்குத் தெற்கே ஒரு வீதியில் சில நிமிஷங்களே நடந்த சண்டையாகும்.

வங்கிகளையும் பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டிகளையும் கொள்ளையிட்டு வந்த பிளாட், மேட்டிக்ஸ் என்ற இருவரை எஃப்.பி.ஐ. உத்தியோகஸ்தர் எட்டுப் பேர் வளைத்துக்கொண்டனர். அந்த உத்தியோகஸ்தர்களில் ஒருவரான ஜெரி டோவ் சுட்டதாகக் கருதப்படும் 9 மில்லிமீட்டர் ரவை ஒன்று பிளாட்டின் வலது புஜத்தைத் துளைத்து, ரத்தக் குழாயை அறுத்து, மார்புக்குள் புகுந்து நுரையீரலைக் கிழித்து, இருதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கையில் நின்றுவிட்டது. அது பிழைக்கக்கூடிய காயமன்று; ஆயினும் உயிர் பிரியுமுன் கிடைத்த அவகாசத்தில் அவன் தன் ரைபிளால் டோவையும் அவருடைய சகா பெஞ்சமின் குரோகனையும் கொன்றான். மேலும் ஐந்து உத்தியோகஸ்தர் அன்று காயமுற்றனர்.

ரவையைக் குறை கூறுவது நியாயமன்று. சரீரத்தில் புகுந்தவுடன் விரிந்து விரைவில் நிற்கவேண்டும் என்றே குழிந்த முனையுடன் செய்யப்பட்ட இலகுவான ரவை அது. சொன்ன வேலையை அது செய்தது. அந்த வேலையைச் சொன்னவர்களின் அளவுகோலே தவறு என்பதுதான் என் திடமான அபிப்பிராயம்.

1987 செப்டம்பரில் எஃப்.பி.ஐ.யின் குவாண்டிகோ பயிற்சி நிலையத்தில் கூடிய சபையில், போர்க்களக் காயங்களுக்குச் சிகிச்சை செய்து தேர்ந்த ராணுவ வைத்தியர் மார்ட்டின் ஃபாக்லர் முதலிய நிபுணர்கள் இப்பிரச்னையை ஆராய்ந்தனர். மூளையோ மேல் முதுகுத்தண்டோ தாக்கப்பட்டாலன்றி மனிதன் அக்கணமே விழுவான் என்ற நிச்சயமில்லை. இருதயமே சிதைந்தாலும் மூளையில் எஞ்சிய பிராணவாயுவைக் கொண்டு 10 முதல் 15 விநாடி வரை அவன் சுயேச்சையாகச் செயற்படக்கூடும் என்று 1989-இல் எஃப்.பி.ஐ.யின் யூரி பேட்ரிக் எழுதிய அறிக்கை கூறியது. ஆகவே குறுக்கே ஒரு கை மறித்தாலும், பக்கவாட்டில் சுட நேர்ந்தாலும், முக்கிய அவயவங்களை எட்டுமளவு ரவை ஊடுருவியே தீரவேண்டும்.

இதைச் சோதிக்க, நீரில் பத்தில் ஒரு பங்கு ஜெலட்டின் சேர்த்து, ஆறிய கடற்பாசியைப் போல் உறையவைத்த கட்டிகளை நிறுத்தி, கனத்த உடை, தகடு, ஒட்டுப்பலகை, மோட்டார் வண்டியின் முன் கண்ணாடி முதலியவற்றினூடே சுட்டுப் பார்த்தனர். குறைந்தது 12 அங்குலம் செல்லவேண்டும். 18 அங்குலத்தைத் தாண்டலாகாது. இந்த மேல் வரம்பு எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. குற்றவாளியை ஊடுருவி வெளியேறும் ரவை தெருவில் போகும் ஒரு குழந்தையைத் தாக்கலாமல்லவா? கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையின் பெயரால் அபகீர்த்தி பெற்ற விரியும் ரவைகளை 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் யுத்தத்தில் விலக்கியிருந்தும், நியூயார்க் நகரக் காவல்துறை 1998-இல் குழிமுனைத் தோட்டாவை ஏற்றதற்கு வழிப்போக்கரின் பிராணாபாயமே பிரதான காரணமாகச் சொல்லப்பட்டது.

துப்பாக்கியின் விட்டம் பற்றிய விவாதம் தனிக்கதை. எஃப்.பி.ஐ. முதலில் 10 மில்லிமீட்டரை நாடியது. அதன் முழுப் பலத்தின் உதைப்பு பலருக்குத் தாங்காமற் போகவே ரவையின் வேகத்தைக் குறைத்தது. அந்தக் குறைந்த வேகத்தையே சிறிய தோட்டாவில் அடக்கி 1990-இல் ‘.40’ ரகத் தோட்டா பிறந்தது. 2014-இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு மீண்டும் 9 மில்லிமீட்டரையே சிபாரிசு செய்தது. இடைக்காலத்தில் ரவையின் அமைப்பு திருந்திவிட்டபடியால், பழைய விட்டத்திலேயே வேண்டிய ஆழம் கிடைத்தது. உதைப்பு குறைந்ததால் பெரும்பாலோர் விரைவாகவும் குறி பிசகாமலும் சுட முடிந்தது.