கவிழ்த்த கலமும் எண்ணெய் டிரம்மும்

காஞ்சிபுரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் நடத்திய அகழாய்வுகளில் கருப்பு-சிவப்பு மட்கலங்கள் கிடைத்தன. உட்புறமும் வாய்விளிம்பும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. தூரிகை படாமல், சுட்ட விதத்திலேயே வந்த நிறங்கள் இவை. இன்றைய மட்கலைஞர்கள் பழைய எண்ணெய் டிரம்மில் மரத்தூளும் வறட்டியும் நிரப்பிச் சுடும்போதும் நிறம் தருவது தீயும் புகையும்தான். களிமண்ணிலுள்ள இரும்பு, காற்று தாராளமாகக் கிடைத்தால் சிவக்கும். காற்று குறைந்து புகை சூழ்ந்தால் கரி படிந்து மண் கருக்கும். இரு முறைக்கும் அடிப்படை இதுவே. வேறுபாடு, புகையை நடத்தும் விதத்தில்.

பழங்குயவர் கலங்களை வாய் கீழாகக் கவிழ்த்துச் சுட்டனர் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். காற்றுப் புகாத உட்புறம் புகையில் கருத்தது. அனலும் காற்றும் பட்ட வெளிப்புறம் சிவந்தது. காஞ்சிப் பட்டுச் சேலையில், கரையைத் தனியே கோத்து நெய்யும் கோர்வை முறையில் உடலும் கரையும் ஒரே கோட்டில் பிரிந்து நிற்கும். கலத்திலோ கருப்பு மெல்லச் சிவப்பில் கரைகிறது. ஆனாலும் எந்த நிறம் எங்கே வரும் என்பது குயவருக்கு முன்பே தெரியும். கலத்துக்குக் கலம் அதே அமைப்பு.

டிரம் முறையில் 200 லிட்டர் டிரம்மின் பக்கங்களில் துளையிட்டு, அடியில் மரத்தூள் பரப்புவார்கள். கூழாங்கல்லால் மெருகேற்றி, ஏற்கெனவே ஒருமுறை சூளையில் சுட்ட கலங்களை அதன்மேல் வைத்து, உப்புநீரில் ஊறி உலர்ந்த வைக்கோல், செம்புக் கம்பி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஆகியவற்றைச் சுற்றிலும் இட்டு, மேலே விறகடுக்கிக் கொளுத்துவார்கள். செம்பு செந்நிறத் தீற்றல்களையும், உப்பு ஆரஞ்சுச் சாயலையும் தரும். துளையை அடைப்பதும் மூடியைச் சாத்துவதும் கலைஞர் கையில். கறை விழும் இடம் தீயின் கையில். ஒன்றைப் போல் இன்னொன்று வராது.

பயனிலும் இவை வேறு. பழங்கலம் உண்கலமாகவும் ஈமச்சின்னத்தில் வைக்கும் பொருளாகவும் இருந்தது. டிரம்மில் சுட்டதில் நீர் கசியும், செம்புச் சேர்மமும் படிந்திருக்கும். அது அலங்காரத்துக்கே ஆகும். மயில்துத்தப் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதால் திறந்தவெளியும் தகுந்த முகக்கவசமும் கட்டாயம்.

புகை செய்யும் வேலையைக் குறைந்த செலவில் கண்ணால் பார்க்க டிரம் நல்ல வழி. கைத்தேர்ச்சியில் பழங்குயவரே மேல்; நினைத்த நிறத்தை நினைத்த இடத்தில், மீண்டும் மீண்டும் வரவழைத்தவர் அவர். டிரம்மில் தீ மூட்ட விரும்புவோர், முதலில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகளைப் பார்த்துவிடுங்கள்.