சாலை காத்த கைகள்

தமிழ்நாட்டின் தருமபுரிப் பகுதியில் பழைய வழிகாட்டிக் கல் ஒன்று கிடைத்துள்ளது. ‘அதியமான் பெருவழி’ என்னும் வழியின் பெயரும், நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்னும் தொலைவும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாதாரும் தொலைவை அறிந்துகொள்ளும் பொருட்டு, அவ்வெண்ணைக் குழிகளாலும் குறித்து வைத்திருக்கின்றனர். கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில் வழிக்கு உரியவர் பெயர் இருக்கிறது. ஊரின் பெயரும் இருக்கிறது. மழை ஓய்ந்தபின் அவ்வழியின் பள்ளங்களை நிரப்பியவன் பெயர் இல்லை.

உலகெங்கும் சாலைகளின் வரலாறு இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. சாலையைத் திறந்து வைத்தவர் நினைக்கப்படுகிறார். அதனைக் காத்தவர் மறக்கப்படுகிறார். ஆயின், சாலை என்பது ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடத்தக்க பொருளன்று. ஒவ்வொரு மழையும் அதனை அழிக்க முயல்கிறது. யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் அதனை மீட்கிறார். பினாங்குத் தீவின் சாலைகளைப் பொறுத்தவரை, அவ்வாறு மீட்ட கைகளில் பெரும்பகுதி தமிழர் கைகள் என்பது நம்மவர் நினைவில் நிற்க வேண்டிய செய்தியாகும்.

முதல் தெருக்கள்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். காடும் சதுப்பும் கலந்த ஒரு முனையில் ஜார்ஜ் டவுன் நகரம் எழுந்தது. லைட் தெரு, கடற்கரைத் தெரு, பிட் தெரு, மலபார் தெரு ஆகிய நான்கும் பழைய நகரின் எல்லைகளாக அமைந்தன. மலபார் தெருவே பின்னர்ச் சூலியா தெரு ஆயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரைச் சூலியர் என அழைப்பது அக்கால வழக்கு.

சூலியர் வணிகம் செய்ய வந்தனர். வேறு பலர் விலங்கோடு வந்தனர். 1796இல் அந்தமான் குடியேற்றம் கைவிடப்பட்டபோது அங்கிருந்த இந்தியக் கைதிகள் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டனர். 1825இல் சுமத்திராவின் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனபோது அங்கிருந்தும் கைதிகள் வந்தனர். வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத்தாரும் அவர்களில் இருந்தனர். காடு வெட்டுதல், சதுப்பைத் தூர்த்தல், கல் உடைத்தல், சாலை போடுதல் ஆகியன அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலைகள். 1873இல் அம்முறை முற்றிலும் முடிவுக்கு வந்தபோது, நீரிணைக் குடியேற்றங்களின் பொதுப்பணி ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் அவர்கள் தோள்மேல் நின்றிருந்தது.

மண் உலர்ந்திருக்க வேண்டும்

பினாங்கில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. சென்னையில் பொழிவது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் பினாங்குச் சாலையின் வரலாறு விளங்கும். இங்குச் சாலையின் முதற் பகை சக்கரம் அன்று; நீரே.

இவ்வுண்மையைத் தெளிவாக உரைத்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மெக்காடம் என்பவர். 1816இல் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளின் பொறுப்பை ஏற்ற அவர், வண்டியின் பாரத்தை உண்மையில் தாங்குவது மேலே பரப்பிய கல் அன்று, அடியில் உள்ள இயற்கை மண்ணே என்றார். அம்மண் உலர்ந்திருக்கும் வரை எப்பாரத்தையும் தாங்கும். நனைந்தால் எந்தக் கல்லும் அதனைக் காக்க இயலாது. ஆகவே, சிறு சிறு கற்களாக உடைத்து நெருக்கமாகப் பரப்பி, நடுவை உயர்த்தி, இரு ஓரங்களையும் தாழ்த்தி, நீர் நில்லாமல் வடிகாலுக்கு ஓடச் செய்தார். நம்மவர் கப்பிச் சாலை என்று கூறியது இம்முறைச் சாலையையே. பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல் மலைகளாதலால் கல்லுக்குக் குறைவில்லை. குறைவாக இருந்தது அதனை உடைக்கும் கை. அதற்கே இந்தியாவிலிருந்து ஆள் வேண்டியிருந்தது.

தூசும் தாரும்

கப்பிச் சாலைக்கு மழையில் சேறு ஒரு குறை. வெயிலில் தூசு மற்றொரு குறை. தூசு அடங்கச் சாலையில் நீர் தெளிப்பது நகராட்சிகளின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாயிற்று. பினாங்கில் நீர் ஏற்றிச் சென்ற மாட்டு வண்டிகள் ஒரு சாலைக்குப் பெயரே தந்துவிட்டன. பர்மா சாலையை ஹொக்கியன் சீனர் ‘தண்ணீர் வண்டிச் சாலை’ என்னும் பொருள்படவே இன்றும் வழங்குகின்றனர்.

மாட்டு வண்டி எழுப்பிய தூசு, மோட்டார் வண்டி எழுப்பிய தூசின் முன் ஒன்றுமில்லை. விரைந்தோடும் ரப்பர்ச் சக்கரம் கற்களுக்கு இடையே இருந்த பொடியை உறிஞ்சி எறிந்தது. பிடிப்பிழந்த கற்கள் சிதறின. இத்தொல்லையை ஆராயவே 1908இல் பாரிஸ் நகரில் முதலாவது அனைத்துலகச் சாலை மாநாடு கூடியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1901இல், இங்கிலாந்தில் எட்கர் ஹூலி என்னும் பொறியாளர், ஓரிடத்தில் கொட்டிய தாரின்மீது இரும்பாலைக் கசடு தூவப்பட்டு, அப்பகுதி மட்டும் தூசின்றி உறுதியாக இருப்பதைக் கண்டார். மறு ஆண்டே தாரையும் கசடையும் கலக்கும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

இங்குச் சொல் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். நம் பேச்சில் ‘தார்’ என்னும் ஒரே சொல் இரு பொருள்களைக் குறிக்கிறது. நிலக்கரியைச் சுடும்போது வடிவது ஒன்று. பெட்ரோலிய எண்ணெயிலிருந்தும், திரினிடாத் தீவில் உள்ளது போன்ற இயற்கைக் கீலேரிகளிலிருந்தும் கிடைப்பது மற்றொன்று. பின்னதை நிலக்கீல் என்பது பொருத்தம். மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நீர் புகாமல் அடைக்கப் பூசும் பொருளுக்குக் கீல் என்பது பழந்தமிழ்ப் பெயர். கலத்துக்குக் கீல் செய்ததையே சாலைக்கு நிலக்கீல் செய்கிறது. அது சாலையைத் தாங்குவதில்லை, நீரைத் தடுக்கிறது.

ஜார்ஜ் டவுனில் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் வண்டிகள் ஓடின. பின்னர் அவை கைவிடப்பட்டு, தண்டவாளம் வேண்டாத டிராலி பேருந்துகள் 1961 வரை ஓடின. பழைய தண்டவாளங்களின்மேல் தார் மூடியது. சூலியா தெருவும் பினாங்கு சாலையும் கூடுமிடத்தில் அத்தாரை அகழ்ந்தபோது தண்டவாளத்தின் ஒரு பகுதி வெளிப்பட்டது. ஒரு தெருவின் வரலாறு அதன் தார்ப் படலங்களுக்கு அடியில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பூவாளியும் துடைப்பமும்

தமிழ்த் தொழிலாளர் மலாயாவுக்கு வந்த வரலாற்றைப் பால்மரத் தோட்டத்தோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த்தடைக் காவலில் இருந்து கரையேறியவர்களுள் பலர் தோட்டத்துக்குச் செல்லவில்லை. இருப்புப் பாதை, பொதுப்பணித் துறை, நகராட்சி ஆகியவற்றின் வேலைக்குச் சென்றனர். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை தடைசெய்யப்பட்ட பின்னரும், 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடுத்து நிறுத்தும் வரையிலும், சாலைப் பணியில் தென்னிந்தியரே பெரும்பான்மையினராக இருந்தனர்.

அவர்கள் செய்த வேலையை எளியது என்று கருதுவோர் அதனைச் செய்து பார்க்காதவரே. முதலில் சாலையைத் துடைப்பத்தால் தூசு நீங்கப் பெருக்க வேண்டும். தூசின்மேல் தார் ஒட்டாது. இரும்புப் பீப்பாயில் விறகு எரித்துத் தாரைக் காய்ச்ச வேண்டும். மிகக் காய்ந்தால் அது பசையை இழக்கும், காயாவிட்டால் பரவாது. பூவாளியில் எடுத்து ஒரே சீராக ஊற்ற வேண்டும். ஆறுமுன் சல்லியைத் தூவி உருளையால் அழுத்த வேண்டும். இத்தனையும் வானத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். இடையே மழை வந்தால் உழைப்பு வீணாகும். இவற்றோடு ஓரத்துப் புல்லைச் செதுக்குதலும் வடிகாலைத் தூர்வாருதலும் நாள்தோறும் இருந்தன. வடிகால் அடைபட்டால் தார் நிலைக்காது என்பதை மெக்காடத்தின் நூலைப் படிக்காமலே அவர்கள் அறிந்திருந்தனர்.

இவ்வுழைப்புக்கு ஒரு விலையும் இருந்தது. 1915இல் ஜப்பானிய அறிஞர்களான யாமாகிவா, இச்சிகாவா இருவரும், முயலின் காதில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து தடவி அங்குப் புற்றுநோய் உண்டாவதை மெய்ப்பித்தனர். நிலக்கரித் தார் மனிதரிடத்தும் புற்றுநோயை விளைவிப்பது என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. தரைக்குப் பூசும் நிலக்கரித் தார்ப் பூச்சுகளை 2006இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் தடை செய்தது. வேறு சில இடங்களும் அதனைப் பின்பற்றின. தாரின் ஆவியை நாளெல்லாம் மூச்சில் வாங்கி, அதனைக் கையாலும் காலாலும் அறிந்தவர்களுக்கு இந்த அறிவு காலங் கடந்தே வந்தது.

வீட்டு வாயிலில்

முன்னாளில் நகராட்சிக்கு மட்டும் உரியதாக இருந்த இக்கலை இன்று வீட்டு வாயில்வரை வந்துவிட்டது. வண்டி நிறுத்தும் முற்றம், பள்ளி வளாகம், கோயிலின் முன்றில் ஆகிய பலவற்றிலும் தார்த்தளம் இருக்கிறது. அதனைக் காக்கும் முறையும் பழைய முறையின் வழிப்பட்டதே.

வெயிலும் காற்றும் பட்டு நிலக்கீல் நாளடைவில் எண்ணெய்ப் பசையை இழந்து, கருமை மங்கிச் சாம்பல் நிறமாகி இறுகுகிறது. இறுகியது வெடிக்கிறது. வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கி அடிமண்ணை நனைக்கிறது. நனைந்த இடத்தில் சக்கரம் ஏறப் பள்ளம் பிறக்கிறது. ஆகவே, வெடிப்பு நிலையிலேயே அதனை அடைத்துவிடல் வேண்டும். புல் முளைத்திருந்தால் வேரோடு களைந்து, மண்ணைப் பெருக்கி, கழுவி, நன்றாக உலரவிட்டு, வெடிப்பை அடைக்குங் கீலால் நிரப்ப வேண்டும். பள்ளத்தைத் தார்ச்சல்லி இட்டுக் கெட்டிக்க வேண்டும். அதன் பின்னரே மேற்பூச்சு.

மேற்பூச்சுக்கு நிலக்கீல் குழம்பு ஏற்றது. கீலை நுண்துளிகளாக்கி நீரில் கலந்த அக்குழம்பு, 1922இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. காய்ச்ச வேண்டுவதில்லை, தீயின் அச்சமும் இல்லை. தடிப்பாக ஒருமுறை பூசுவதிலும் மெல்லியதாக இருமுறை பூசுதலே நன்று. புதிதாகப் போட்ட தளத்தைச் சில மாதங்கள் ஆறவிட்டுப் பூச வேண்டும். ஆண்டுதோறும் பூசுவதும் தவறு. படலம் தடித்து உரியும். பினாங்கில் மழை குறைந்த சனவரி, பிப்ரவரித் திங்கள்கள் இப்பணிக்கு உகந்தவை. பூசியபின் ஒன்றிரண்டு நாள் வண்டி ஏறலாகாது.

எனினும், நீர் தேங்கும் தளத்தை எந்தப் பூச்சும் காக்காது. முதலில் நீருக்கு வழி. பின்னரே தாருக்கு வேலை. பழைய தொழிலாளி மண்வெட்டியோடு முதலில் வடிகாலுக்குச் சென்றதன் காரணம் இதுவே.

பாலும் தாரும்

அண்மைக் காலத்தில் இவ்வரலாறு புதிய திருப்பம் ஒன்றைக் கண்டுள்ளது. 2010ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து மலேசியாவில், கட்டிப்பாலை நிலக்கீலோடு கலந்து சாலை போடும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. ரப்பர் கலந்த கீல் வெயிலில் எளிதில் இளகாது. பாரத்தில் எளிதில் வெடிக்காது. பால்மரம் வெட்டிய தமிழரும் சாலைக்குத் தார் ஊற்றிய தமிழரும் ஒரே கப்பலில் வந்து வெவ்வேறு திசைகளில் பிரிந்தவர்கள். அவர்கள் உழைத்த இரு பொருள்களும் இன்று ஒரே சாலையில் சேர்ந்து கிடக்கின்றன.

2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகராக ஏற்கப்பட்டது. அதன் மாளிகைகளுக்கும் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் விளக்கப் பலகைகள் உண்டு. அவற்றை எல்லாம் இணைக்கும் தெருக்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. நகராட்சி, பொதுப்பணித் துறைக் குடியிருப்புகளில் வாழ்ந்த முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அவர்கள் பயன்படுத்திய கருவிகளின் பெயர், வேலையின் முறை, பெற்ற கூலி, அடைந்த நோய் ஆகியவற்றை அவர்தம் பிள்ளைகளின் வாய்மொழியாகவேனும் கேட்டு எழுதி வைக்கலாம். அதற்குப் பெரிய ஆராய்ச்சிக் கூடம் வேண்டுவதில்லை. ஒரு தமிழ்ப்பள்ளி மாணவன், தன் பாட்டனாரைப் பற்றி எழுதும் ஒரு கட்டுரை அதற்குத் தொடக்கமாகும். அக்கட்டுரையை எழுதச் செய்வது ஆசிரியர் கடமை.